கவிழ்த்துப் பார்த்து எடுக்க வேண்டிய படகு

விற்பனைக்கு வரும் பாய்மரப் படகின் படங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் படகு ஓடிக்கொண்டிருக்கும். பாய் புடைத்து நிற்கும், பின்னால் நுரை பிரியும், ஓட்டுபவர் முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்கு வெளியே சாய்ந்திருப்பார். பத்து, இருபது வருடம் கழித்து இந்த விளையாட்டுக்குத் திரும்புகிறவர் அந்தப் படத்தை வைத்துப் படகு எடுக்கக் கூடாது. ஓடும்போது எல்லாப் படகும் அழகுதான். கரையில் ட்ராலிமேல் நிற்கும்போது தனியாக உருட்ட முடிகிறதா, தண்ணீரில் கவிழ்ந்து கிடக்கும்போது தனியாக நிமிர்த்தி ஏற முடிகிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் முடிந்தால் மற்ற வித்தையெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிடும். முடியாவிட்டால், எவ்வளவு நல்ல படகாக இருந்தாலும் மூன்றே மாதத்தில் கிளப் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் போய்விடும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபதுகளில் லேசர் என்ற ஒற்றையாள் பாய்ப்படகை ஓட்டினேன். அப்போது என் எடை 66 கிலோ. பிறகு வேலை, கல்யாணம், ஊர் மாற்றம் என்று 19 வருடம் ஓடிவிட்டது. 47 வயதில் திரும்பி வந்தபோது எடை 79 கிலோ. அந்தக் காலத்தில் 'இன்னும் பத்து கிலோ இருந்திருந்தால்' என்று ஏங்க வைத்த பெரிய பாய், இப்போது எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும் என்று நம்பி அதையே எடுத்தேன். எடைக் கணக்கு சரிதான். முடிவு தவறு. ஏன் தவறு என்று புரிய, கொஞ்சம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

உடம்புதான் பாரம்

பெரிய பாய்மரப் படகுகளின் அடியில் ஈயத்தாலோ இரும்பாலோ ஆன கனமான கீல் இருக்கும். காற்று படகைச் சாய்த்தால் அந்தக் கனம் கீழே இழுத்து நிமிர்த்திவிடும். டிங்கி என்கிற சிறு படகில் அது கிடையாது. அடியில் ஒரு பலகை இறங்கும். அது படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பதற்குத்தான், நிமிர்த்துவதற்கு உதவாது. காற்று ஒரு பக்கம் சாய்க்கும்போது மறுபக்கம் அழுத்த இருப்பது ஓட்டுபவரின் உடம்பு. இருவர் ஓட்டும் டிங்கியில் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒற்றையாள் படகில் ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாயை இழுக்கும் மெயின்ஷீட் கயிறு, பாரம் மொத்தமும் நீங்கள்.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்த உத்தி மட்டுமில்லை. பாக் விரிகுடாவில் பாய்த்தோணி ஓட்டிய மீனவர்கள், காற்று வரும் பக்கமாக ஒரு நீளப் பலகையை வெளியே நீட்டி, அதன்மேல் ஆட்களை உட்காரவைத்துத் தோணியை நிமிர்த்தினார்கள். காற்று வலுத்தால் ஆள் இன்னும் நுனிக்கு நகர வேண்டும். அதே ஆள், அதே எடை. தூரம் கூடியதும் தாங்கும் வலுவும் கூடுகிறது. படகை நிமிர்த்தும் வலு என்பது எடையையும், படகின் நடுக்கோட்டிலிருந்து அந்த எடை எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற தூரத்தையும் பெருக்கினால் வருவது.

டிங்கியில் நீட்டுப்பலகைக்குப் பதிலாக ஒரு கால்பட்டை இருக்கும். பாதங்களை அதில் மாட்டிக்கொண்டு, தொடையின் பின்பக்கம் படகின் விளிம்பில் பதிய, உடம்பை வெளியே நீட்ட வேண்டும். இதற்கு ஹைக்கிங் என்று பெயர். செய்து பார்க்காதவருக்கு இதன் கடினம் தெரியாது. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவது போல நின்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் தொடை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு பத்து, பதினைந்து நிமிடம் காற்றை எதிர்த்து ஓட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாய்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். காலையில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றில் சொகுசாக உட்கார்ந்து ஓட்டிய அதே பாய், பிற்பகலில் 24 கி.மீ. ஆனதும் ஆளையே மாற்றிவிடும். சென்னை மாதிரி இடத்தில் கோடையில் இது அன்றாடம் நடப்பது. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று ஏறிவிடும்.

ஒரே படகு, மூன்று பாய்

ஒற்றையாள் படகு என்றால் உலகின் பெரும்பகுதியில் முதலில் நினைவுக்கு வருவது லேசர்தான். கனடாவைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் புரூஸ் கர்பியிடம் 1969-இல் இயான் புரூஸ் என்பவர் தொலைபேசியில் பேசி, கார் கூரைமேல் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய ஒரு சிறு படகு வேண்டும் என்று கேட்டார். பேசிக்கொண்டே கர்பி கிறுக்கிய படம்தான் பிறகு லேசர் ஆனது. 4.23 மீட்டர் நீளம், வெற்று உடல் 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து இன்றுவரை அதில் இருக்கிறது. வர்த்தகப் பெயர் குறித்த தகராறால் 2019 முதல் போட்டிகளில் இதை இல்கா என்று அழைக்கிறார்கள். படகு அதேதான்.

இந்தப் படகின் அருமை, ஒரே உடலுக்கு மூன்று பாய்கள் இருப்பது. இல்கா 7-இன் பாய் 7.06 சதுர மீட்டர். இல்கா 6-இல் 5.76. இல்கா 4-இல் 4.7. பாய்மரத்தின் மேல்பாதி மூன்றுக்கும் பொது. கீழ்பாதியை மட்டும் மாற்றினால் போதும். மிகச் சிறிய பாயான இல்கா 4-க்கான கீழ்மரத்தைப் பின்னோக்கிக் கொஞ்சம் வளைத்தே செய்திருப்பார்கள், பாய் சிறுத்தாலும் சுக்கானின் சமநிலை கெடாமல் இருக்க.

வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது இல்கா 7-இல். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக் போன முதல் இந்தியப் பெண் ஆனது அதே உடலின் நடுத்தரப் பாயில், லேசர் ரேடியல் என்ற பழைய பெயரில்.

இப்போது ஒரு கைக்கணக்கு. பொதுவாக இல்கா 7-க்கு 80 கிலோ வாக்கில் உள்ளவர், இல்கா 6-க்கு 65 கிலோ வாக்கில் உள்ளவர், இல்கா 4-க்கு 53 கிலோ வாக்கில் உள்ளவர் என்று வைத்துக்கொள்ளலாம். பாயின் பரப்பை எடையால் வகுத்துப் பாருங்கள். முதலாமவருக்குக் கிலோவுக்கு 0.088 சதுர மீட்டர். அடுத்த இருவருக்கும் 0.089. கிட்டத்தட்ட ஒரே எண்! மூன்று பாய்களும் மூன்று உடம்புகளுக்கு ஒரே உணர்வைத் தர வந்தவை என்பது இதிலேயே தெரிகிறது.

அப்படியானால் 79 கிலோ இருந்த எனக்கு இல்கா 7 தானே பொருத்தம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த எண்ணுக்குள், ஆள் முழுதாக வெளியே சாய்ந்து அந்தச் சாய்விலேயே நிற்பார் என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. இல்காவின் பாதி அகலம் 70 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. விளிம்பில் நேராக உட்கார்ந்தால் உடம்பின் பாரம் நடுக்கோட்டிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி இருக்கும். நன்றாக நீட்டிச் சாய்ந்தால் ஒரு மீட்டர் வரை போகும். 79 கிலோ ஆள் தொடை ஓய்ந்து நேராக உட்கார்ந்துவிட்டால் 79 × 0.6, அதாவது 47. முழுதாகச் சாயும் 60 கிலோ இளைஞருக்கு 60 × 1, அதாவது 60. தராசில் நான் கனம். தண்ணீரில் அவர்தான் கனம்.

முதல் மாதம் முழுக்க எனக்கு நடந்தது இதுதான். முதல் பத்து நிமிடம் படகு பறக்கும். அப்புறம் தொடை எரியும், உடம்பு உள்ளே வரும், படகு சாயும், பாயைத் தளர்த்துவேன், வேகம் போய்விடும். ஒரு சீசன் இல்கா 6-க்கு இறங்கியதும் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்ட முடிந்தது. காற்று குறைந்த நாட்களில் மெதுவாகத்தான் போனேன், அது உண்மை. ஆனால் தண்ணீரில் கழித்த நேரம் இரண்டு மடங்கானது. திரும்பி வருகிறவருக்குத் தேவை அந்த நேரம்தான்.

ஆகவே நான் தயங்காமல் சொல்வது: உங்கள் எடை எந்தப் பாயைச் சொல்கிறதோ, முதல் வருடம் அதற்கு ஒரு படி கீழே தொடங்குங்கள். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. 45, 55, 65, 75 என்று வயதுப் பிரிவுகளோடு நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிகளில், ஏராளமான ஆண்கள் இல்கா 6-ஐத்தான் ஓட்டுகிறார்கள்.

பிரேசிலின் ராபர்ட் ஷைட்டைச் சிலர் எதிர் உதாரணமாகக் காட்டுவார்கள். லேசரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். இருவர் ஓட்டும் ஸ்டார் படகுக்குப் போய் அதிலும் 2008-இல் வெள்ளி, 2012-இல் வெண்கலம். அதற்குப் பிறகு ஸ்டாரை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கிவிட்டதால் லேசருக்கே திரும்பி, 40 வயதில், 2013-இல் உலக சாம்பியன் ஆனார். ரியோவில் நான்காவது இடம். டோக்கியோவில் 48 வயதிலும் போட்டியிட்டார். அவரை நினைத்தால் எனக்கும் உற்சாகம் பொங்குகிறது. ஆனால் அவர் படகை மாற்றினாரே தவிர, தண்ணீரை விட்டு ஒரு வருடம்கூட விலகவில்லை. பத்தொன்பது வருடம் அலுவலக நாற்காலியில் இருந்துவிட்டு வருகிற முழங்காலின் கதை வேறு.

லேசருக்கு வெளியே

இந்தியாவில் பெரியவர்களுக்கான ஒற்றையாள் படகு என்றால் நடைமுறையில் லேசர் குடும்பம்தான். அதனால் இங்கே இருப்பவர்களுக்குக் கேள்வி பெரும்பாலும் எந்தப் பாய் என்பதோடு முடிந்துவிடும். ஆனால் பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் இருக்கிற தமிழர்கள் கிளப்புக்குள் நுழைந்தால் அரை டஜன் வகைப் படகுகள் வரிசையாக நிற்கும். அவற்றில் திரும்பி வருகிறவர் பார்க்க வேண்டியவை சில.

எனக்கு மிகவும் பிடித்தது சோலோ. 1956-இல் ஜாக் ஹோல்ட் வரைந்தது. நம் ஊர் கிளப்புகளில் இருவர் ஓட்டிய என்டர்பிரைஸ் படகை நினைவிருக்கிறவர்களுக்கு: அதையும் அதே ஆண்டில் வரைந்தவர் இவர்தான். சோலோ 3.78 மீட்டர் நீளம், 70 கிலோ உடல், 8.36 சதுர மீட்டர் பாய். மேற்சொன்ன கைக்கணக்கை இதற்குப் போட்டுப் பயப்பட வேண்டாம். அந்தக் கணக்கு ஒரே உடல் கொண்ட படகுகளுக்குள் ஒப்பிட மட்டும்தான். இதன் உட்காரும் குழி ஆழமானது, கால்களை மடக்கி வைக்க இடம் உண்டு. பலகை அச்சில் சுழன்று மடங்கும், ஆகவே ஆழமில்லாத கரைக்கு வரும்போது உருவி எடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாயைக் கயிற்றால் ஏற்றி இறக்கலாம். லேசரின் பாய் சட்டைக் கை மாதிரி பாய்மரத்தின்மேல் மாட்டியிருக்கும், தண்ணீரில் இருக்கும்போது அதை இறக்கச் சுலப வழி கிடையாது. காற்று திடீரென்று முறுகும் நாளில் இந்த வித்தியாசம் பெரிய நிம்மதி. பிரிட்டனில் ஏரிக்கரைக் கிளப்புகளில் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் இதில் உட்கார்ந்து போட்டி போடுவதைப் பார்த்தால் ஆசை வரும்.

ஆர்எஸ் ஏரோ 2014-இல் வந்தது. ஜோ ரிச்சர்ட்ஸ் வரைந்தது. 4 மீட்டர் நீளமுள்ள உடலின் எடை 30 கிலோ, லேசரில் ஏறத்தாழ பாதி. இதிலும் ஒரே உடலுக்கு 5, 6, 7, 9 என்று பாய்கள் உண்டு, அந்த எண்கள் கிட்டத்தட்ட சதுர மீட்டரையே சொல்கின்றன. கரையில் இழுத்துவரும் சிரமம் பெரிதும் குறைகிறது. பாய்மரம் கார்பன் என்பதால் தூக்கி நிறுத்துவதும் எளிது. முதுகுவலிக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். இரண்டு விஷயம் மட்டும் யோசிக்க வேண்டும். விலை அதிகம். அடுத்து, லேசான படகு உங்கள் ஒவ்வொரு அசைவுக்கும் உடனே பதில் சொல்லும். உடம்பின் சமநிலை இன்னும் பழைய பதத்துக்கு வராதவருக்கு முதல் சில வாரங்கள் அது மிரளும் கன்றுக்குட்டி போலத் தோன்றும்.

90 கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கு ஃபின். சுவீடனின் ரிக்கார்ட் சார்பி 1949-இல் வரைந்தது, 1952 ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் இருந்தது. 4.5 மீட்டர் நீளம், உடலே நூறு கிலோவுக்கு மேல், பாய் 10 சதுர மீட்டர் தாண்டும். 2000-இல் லேசரில் தங்கம் வென்ற பென் ஐன்ஸ்லி இந்தப் படகுக்கு மாறுவதற்காகவே உடல் எடையைக் கூட்டி, அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் எடுத்தார். பெரிய உடம்புக்காரர் லேசரின் குறுகிய குழியில் மடங்கிக் கிடப்பதைவிட இதில் நிம்மதியாக இருப்பார். கரையில் தள்ளுவதற்கு மட்டும் கட்டாயம் இன்னொரு ஆள் வேண்டும்.

ஃபின்னின் தம்பி என்று சொல்லத்தக்கது ஓகே டிங்கி. டென்மார்க்கின் க்னுட் ஓல்சன் 1957-இல் வரைந்தது. பிளைவுட் வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பது அப்போது அதன் பெருமை. 4 மீட்டர், 72 கிலோ. நல்ல படகு, ஆனால் பாயின் அடிக்கட்டையான பூம் தாழ்வாக இருக்கும். திசை திருப்பும்போது நன்றாகக் குனிய வேண்டும். லேசரிலும் இதே சிக்கல் உண்டு. முழங்காலோ இடுப்போ மக்கர் செய்கிறவர்கள் படகு பார்க்கப் போகும்போது, கரையிலேயே பாயைக் கட்டச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து, பூமுக்கு அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நான்கு தடவை போய்வந்து பாருங்கள். நான்காவது தடவை முழங்கால் பதில் சொல்லிவிடும்.

போட்டியே வேண்டாம், சாயங்காலம் கொஞ்ச நேரம் காற்று வாங்க வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்கா, கரீபியன் பக்கம் சன்ஃபிஷ் இருக்கிறது. 1950-களின் படகு. பாயைத் தாங்கும் சாய்ந்த கழியான பருமலும் முக்கோணப் பாயுமாக, நம் கரையோர வள்ளங்களின் பாயை நினைவூட்டும். கட்டுவதும் அவிழ்ப்பதும் சில நிமிட வேலை.

கம்பியில் தொங்கி ஓட்டும் கன்டெண்டர், தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் மாத் போன்றவற்றை முதல் வருடம் தொட வேண்டாம்.

கவிழ்ந்த பிறகு

திரும்பி வருகிறவர் நிச்சயம் கவிழ்வார். முதல் நாளே கவிழ்வார். ஆகவே படகின் உண்மையான குணத்தை அந்த நிலையில்தான் பார்க்க வேண்டும்.

கவிழ்ந்ததும் முதல் விதி, படகை விடக் கூடாது. எதை விட்டாலும் மெயின்ஷீட்டின் ஒரு முனையாவது கையில் இருக்கட்டும். ஏரோ மாதிரி லேசான படகுகள் பக்கவாட்டில் கிடக்கும்போது உயரமாக மிதக்கும், காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும். நாம் நீந்தும் வேகத்தைவிட அது அதிகமாக இருக்கலாம்.

அடுத்து, கயிறுகளைத் தளர்த்திவிட்டு, படகின் அடிப்பக்கம் சுற்றிவந்து, நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடிக்க வேண்டும். பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் படகுக்குப் படகு மாறும் விஷயம். லேசரில் கை எட்டும். உயரமாக மிதக்கும் படகுகளில் சிலருக்கு எட்டாது. எட்டாவிட்டால் அதன்மேல் தொங்கி எடையைக் கொடுக்க வழியில்லாமல் போய்விடும். லேசரின் பலகை செருகி உருவும் வகை என்பதால், அதை ரப்பர் கயிற்றால் கட்டி வைத்திருக்க வேண்டும். படகு முழுக்கத் தலைகீழாகப் போனால் பலகை நழுவி விழுந்துவிடும். பலகை இல்லாமல் நிமிர்த்துவது மிகக் கடினம்.

பாய்மரம் காற்று வரும் பக்கமாகக் கிடந்தால் அவசரப்பட்டு நிமிர்த்தாதீர்கள். பாய் தண்ணீரை விட்டு எழும்பியதும் காற்று அதன் அடியில் புகுந்து, படகை உங்கள் தலைக்கு மேலாகவே மறுபக்கம் வீசிவிடும். படகின் முன்முனையான அணியத்தைக் காற்றை நோக்கித் திரும்பவிட்டு, பிறகு நிமிர்த்துங்கள்.

நிமிர்த்துவது எடையால் நடக்கிறது. ஏறுவதற்குத்தான் தோள்வலு வேண்டும். மிதவைச் சட்டை போட்டு, நனைந்த உடையோடு, களைத்த கைகளால் படகின் விளிம்புக்கு மேல் நெஞ்சை ஏற்ற வேண்டும். லேசரின் விளிம்பு தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பது இங்கே பெரிய உதவி. கையை நீட்டிக் கால்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டால் உள்ளே சரிந்துவிடலாம். உயரமான விளிம்பு கொண்ட படகு என்றால், காலை வைத்து ஏறுவதற்கு ஒரு கயிற்றுக் கண்ணியை முன்கூட்டியே கட்டிவைக்கலாம். எனக்கு முதல் நாள் மூன்றாவது தடவை கவிழ்ந்தபோது ஏற முடியவில்லை. மீட்புப் படகுக்காரர் மிதவைச் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். அன்றிலிருந்துதான், ஒரு படகில் என்னால் தொடர்ந்து எத்தனை தடவை ஏற முடியும் என்ற எண்ணை மனதில் குறித்து வைக்கத் தொடங்கினேன். அந்த எண்ணில் ஒன்று மிச்சம் இருக்கும்போதே கரைக்குத் திரும்பிவிடுவேன்.

பழைய படகு வாங்குவது

புதுப்படகு முதல் வருடத்துக்குத் தேவையில்லை. உங்களுக்கு எது பிடிக்கும் என்பது ஒரு சீசன் ஓட்டிய பிறகுதான் தெரியும். முடிந்தால் கிளப் படகை வாடகைக்கு எடுங்கள். சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இயங்கி வருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் படகும், மீட்புப் படகும், கூடவே ஓட்ட ஆட்களும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்.

வாங்கியே தீர வேண்டும் என்றால், பழைய லேசரில் சில இடங்களைக் கட்டாயம் பாருங்கள். பாய்மரம் இறங்கும் குழியில் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடி கசிகிறது, பலத்த காற்றில் அந்த இடம் பிய்ந்துவிடக்கூடும். அப்படிப்பட்ட படகை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பிறகு மேல்தளத்தில், முக்கியமாக உட்காரும் இடத்தில், உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கட்டில் மெத்தை போல அமுங்கக் கூடாது. பின்பக்கத்து அடைப்பானைக் கழற்றிப் படகைச் சாய்த்தால் உள்ளே தேங்கிய நீர் வரும். உள்நுரை நீர் குடித்த படகு பத்து கிலோ கூடுதலாகக்கூட இருக்கலாம், அதை நீங்கள்தான் கரையில் இழுக்க வேண்டும். பாய்மரத் துண்டுகளைத் தட்டையான தரையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். பாய் மொறுமொறுப்பு போய்த் துணி போலத் துவண்டிருந்தால் கவலை இல்லை, அதைப் பிறகு மாற்றலாம். உடல் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற எல்லாக் கணக்கையும் சில சமயம் தூக்கிச் சாப்பிடும் ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் கிளப்பில் எந்தப் படகு பத்து நிற்கிறதோ, அது உங்களுக்குச் சற்றுப் பொருந்தாவிட்டாலும் அதையே எடுப்பது நல்லது. ஒற்றையாள் படகு என்ற பெயரைப் பார்த்துத் தனியாகவே ஓட்டப் போகிறோம் என்று நினைக்கக் கூடாது. பக்கத்தில் அதே படகு ஓடினால்தான் நாம் மெதுவாகப் போகிறோமா, காற்றே குறைவா என்று தெரியும். உடைந்த பாகத்துக்குக் கடன் கிடைக்கும். ட்ராலியின் மறுமுனையைப் பிடிக்க ஒரு கை கிடைக்கும். கிளப்பிலேயே ஒன்றேயொன்றாக நிற்கும் அபூர்வமான படகை வாங்கியவர்கள் பலர் அடுத்த சீசனில் வரவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, எப்படித் தொடங்குவது? காற்று மென்மையாக இருக்கும் ஒரு காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மிதவைச் சட்டை, முழுக்கைச் சட்டை, தொப்பி, குடிநீர் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைப் படகின் ட்ராலியை யாரும் உதவாமல் தண்ணீர் வரை நீங்களே உருட்டிப் பாருங்கள். மீட்புப் படகில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கரையிலிருந்து முப்பது மீட்டரில், வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துங்கள். நிமிர்த்தி ஏறுங்கள். மூச்சு வாங்கிய பிறகு இன்னொரு தடவை. பிறகு மூன்றாவது தடவை. மூன்றாவது தடவையும் யார் கையும் படாமல் உள்ளே ஏறி உட்கார்ந்து மெயின்ஷீட்டைக் கையில் எடுக்க முடிந்தால், விலை பேசத் தொடங்கலாம்.